ராகு காலம் கழித்து ராதாவுக்கு மாலை

எங்கள் ஊரில், சாமியைக் கிண்டல் செய்த நடிகவேள் எம்.ஆர்.ராதாவுக்கு நினைவு விழா நடந்தது என்று சொன்னால் என் தாத்தா நம்பமாட்டார். விழாக் குழுவின் பட்டியலைக் காட்டினால் ராதாவே நம்பமாட்டார். சிவன் கோயில் திருப்பணிக் குழுப் பொருளாளர், இரண்டு ரைஸ்மில் முதலாளிகள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், ஐயப்ப பூஜைக்கு வருஷா வருஷம் பந்தல் உபயம் செய்கிற ஜவுளிக்கடைக்காரர். ஊர்ப் பெயரைச் சொன்னால் இவர்களுக்குச் சங்கடம். கும்பகோணத்துக்குத் தெற்கே, குடமுருட்டிக் கரையில் ஏதோ ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2023 செப்டம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. ராதா திருச்சியில் இறந்தது 1979இல் இதே தேதியில். அன்றைக்குப் பெரியார் பிறந்து சரியாக நூறு வருஷம். சாகிற தேதியைக்கூட மனுஷன் கொள்கை பார்த்துத்தான் வைத்துக்கொண்டார் என்று என் சித்தப்பா சொல்வார். விழாக் குழுவும் நேரம் பார்த்தது, வேறு விதமாக. ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். ஆகவே படத்துக்கு மாலை போடுவது ஆறு மணி ஐந்து நிமிஷத்துக்கு. அழைப்பிதழில் 'சோபகிருது வருஷம் ஆவணி 31' என்று போட்டு, தலையில் பிள்ளையார் சுழியும் இருந்தது. அச்சகத்தில் எல்லா அழைப்புக்கும் அது தானாகவே வந்துவிடுமாம். மறுநாள் பிள்ளையார் சதுர்த்தி. மைக் செட், சீரியல் பல்பு, ஷாமியானா எல்லாம் சதுர்த்திக்குப் பேசியது. ஒருநாள் முன்னாலேயே கட்டிவிட்டால் ராதாவுக்குத் தனி வாடகை இல்லை என்று ஜவுளிக்கடைக்காரர் பேசி முடித்திருந்தார். கல்யாண மண்டபத்து மேடையின் பின்னால், மறுநாள் வீதி வரப்போகிற களிமண் பிள்ளையார் ஒரு ஜமுக்காளத்தைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தனை பேச்சையும் எழுந்து போகாமல் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

அந்த மண்டபம் நிற்கிற இடம் ஒரு காலத்தில் மிராசுதார் ஒருவரின் நெற்களம். தை அறுவடை முடிந்து சம்பா நெல் பத்தாயத்துக்குப் போனதும் களத்தில் கீற்றுக் கொட்டகை எழும்பும். மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதமும் நாடகம். கையில் கொஞ்சம் காசு இருக்கும், வயலில் வேலை இருக்காது, ஆற்றில் தண்ணீர் இருக்காது. தஞ்சாவூர் ஜில்லாவில் கலை வளர்ந்ததற்கு இந்த மூன்றும்தான் காரணம் என்பது என் அபிப்பிராயம். ராஜராஜ சோழனை வேண்டுமானால் நாலாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம். தரை, பெஞ்சு, நாற்காலி என்று மூன்று வகுப்பு. ராத்திரி பத்து மணிக்கு ஆர்மோனியம் தொடங்கினால் கடைசிப் படுதா விழும்போது பால் கறக்கிற நேரம்.

மற்றக் கம்பெனிகள் வந்தால் ஊர் சந்தோஷப்படும். ராதா கம்பெனி வந்தால் ஊர் இரண்டு படும். நோட்டீஸ் வண்டி தெருமுனையில் திரும்பினதுமே திண்ணையில் இருக்கிற பெரியவர்கள் 'சிவ சிவா' என்று உள்ளே எழுந்து போய்விடுவார்கள். போகிறபோது ஒரு நோட்டீஸை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டுதான் போவார்கள். அந்த நோட்டீஸே பாதி நாடகம். மனம் புண்படும் என்று நினைக்கிறவர்கள் தயவுசெய்து வரவேண்டாம், அவர்கள் காசும் வேண்டாம் என்ற பொருளில் அச்சடித்து விநியோகித்த ஒரே நாடகக்காரர் அவர்தான். வியாபார ரீதியில் இதைவிடக் கெட்டிக்கார விளம்பரம் இன்னும் வரவில்லை. புண்படப் போகிறவன் முதல் வரிசையில் இடம் பிடிக்கப் பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவான்.

எங்கள் வீட்டில் இந்தச் சண்டை கூடத்திலேயே நடந்தது. தாத்தா பண்ணையில் கணக்குப்பிள்ளை. விடியற்காலையில் தேவாரம் சொல்லாமல் நீராகாரம்கூடக் குடிக்கமாட்டார். சித்தப்பா கருப்புச் சட்டை. இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சுவார்த்தை என் மூலமாகத்தான். "தம்பி, ஒன் சித்தப்பன்கிட்ட சொல்லு, இந்தக் கூத்தாடியப் பாக்கப் போறவன் ராத்திரி இந்த வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது." "தம்பி, ஒன் தாத்தாகிட்ட சொல்லு, நாடகம் முடியறதே விடியக்காலம்தான், ராத்திரிக்கு யாரு வர்றா." நான் இரண்டு பக்கமும் ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். சம்பளமாகச் சித்தப்பா ஒருமுறை என்னை 'இரத்தக்கண்ணீர்' பார்க்க அழைத்துப்போனார். எனக்குப் பத்து வயசு இருக்கும்.

கொட்டகையில் தரையில் மணலைக் கூட்டி மேடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். நாடகம் தொடங்கி ரொம்ப நேரம் ஆன பிறகுதான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். கடைசியில், மூங்கில் தட்டியை ஒட்டி, தலையில் துண்டைப் போட்டு முக்காடு கட்டிக்கொண்டு ஒரு வரிசையே உட்கார்ந்திருந்தது. பனி இல்லாத சித்திரை மாசம். அந்த முக்காடுகளில் ஒன்று என் தாத்தாவின் துண்டு. ஓரத்தில் பாட்டி போட்ட நீல நூல் தையல் எனக்குத் தெரியும். அவருக்குப் பக்கத்தில் இருந்தது கோயில் தர்மகர்த்தா. இன்னும் தள்ளி, சந்தியாவந்தனம் தவறாத ஒரு வக்கீல் குமாஸ்தா. யாரும் யாரையும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அது ஓர் ஒப்பந்தம். ராதா பேசப் பேச அந்த வரிசை குலுங்கியது; சிரிப்பு வெளியே தெரியாமல் இருக்கத் துண்டை வாய்க்கு இறக்கிக்கொண்டார்கள். மறுநாள் காலை குளத்தங்கரையில் அத்தனை பேரும் ஒரே விஷயத்தைப் பேசினார்கள்: ராத்திரி என்ன புழுக்கம், தூக்கமே இல்லை. அடுத்த வாரம் முழுக்க தாத்தா ராதாவை வாயாரத் திட்டினார். நாக்கு அழுகிப் போகும் என்றார். ஒருநாள் மத்தியானம் கொல்லையில் தனியாக நின்றுகொண்டு, கட்டுக்கடங்காத கன்றுக்குட்டியை ராதாவின் குரலில், அந்தக் கரகரப்பும் இழுப்புமாக, அதட்டிக்கொண்டிருந்தார். பாட்டி பார்த்துவிட்டாள். அன்றையிலிருந்து அந்தக் கன்றுக்கு, நாடகத்தில் வருகிற காந்தாவின் பெயர். தாத்தா இருக்கும்வரை யார் வைத்த பெயர் என்று வெளியே சொல்லவில்லை.

'இரத்தக்கண்ணீர்' எழுதிய தங்கராசு திருவாரூர்க்காரர். அந்த ஊர்ப் பெயரைப் பெயரோடு சேர்த்தே எழுதிக்கொண்டவர். மேடையில் அது ராதாவின் கையில் போன பிறகு எழுதினது பாதி, அன்றன்றைக்கு விளைந்தது பாதி. கதையை நிறுத்திவிட்டு அன்றைய தினசரியை எடுத்து வைத்துக்கொண்டு படிப்பார். எவனாவது கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தால் பாத்திரத்தை விட்டு இறங்கி வந்து பதில் சொல்லிவிட்டு மறுபடி பாத்திரத்துக்குள் ஏறிக்கொள்வார். கல்லும் செருப்பும் வந்தால் பொறுக்கிவைத்து அடுத்த நாள் வாசலில் பார்வைக்கு வைப்பார் என்பார்கள். 1954இல் கிருஷ்ணன் பஞ்சு இயக்கி அது படமாக வந்தபோது அவர் போட்ட நிபந்தனையும் நாடகம் மாதிரிதான்: 1935இல் 'நந்தனா'ருக்காக கே.பி.சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் கொடுத்தார்களே, எனக்கு ஒன்றேகால் லட்சம் வேண்டும் என்றாராம். பக்திக்கு ஒரு லட்சம் என்றால் அதைக் கிண்டல் செய்கிறவனுக்குக் கால் லட்சம் கூட. காரணம் எனக்கு நியாயமாகத்தான் படுகிறது.

அதே 1954இல் ராமாயணத்தை நாடகமாக எடுத்தார். அதைப் போட்ட ஊர்களில் எல்லாம் கலவரம், தடை, வழக்கு. கும்பகோணத்தில் போலீஸ் மேடைக்கே வந்தது. சித்தப்பா அன்றைக்கு அங்கே இருந்தார். அவர் அதைச் சொல்லும்போது போலீஸ்காரர்களின் எண்ணிக்கை வருஷத்துக்கு வருஷம் கூடும். கடைசியாக அவர் படுக்கையில் கிடந்தபோது ஒரு மலபார் போலீஸ் பட்டாளமே வந்திருந்தது. ராதா ராமர் வேஷத்தைக் கலைக்காமலே ஸ்டேஷனுக்குப் போனார், கிரீடமும் வில்லுமாக, என்பது மட்டும் எல்லாத் தடவையும் மாறாமல் வரும். ராம நவமிக்குத் தெருவில் ராமர் வந்தால் எழுந்து நிற்கிற கும்பகோணம், இந்த ராமர் போகும்போதும் எழுந்து நின்றதாம். கும்பிட்டவர்களும் உண்டாம், பழக்கதோஷம்.

நாடகங்களை அடக்க வெள்ளைக்காரன் 1876இல் ஒரு சட்டம் போட்டிருந்தான். வங்காளத்து நாடகக்காரர்கள் அவனைக் கிண்டல் செய்ததன் விளைவு. சுதந்திரம் வந்து ஏழு வருஷத்தில் சென்னை ராஜ்யம் நமக்கென்று சொந்தமாக ஒன்று செய்துகொண்டது: 1954ஆம் வருஷத்து நாடக நிகழ்ச்சிகள் சட்டம். ஆட்சேபகரமானது என்று பட்டால் தடுக்கலாம், எழுத்துப் பிரதியைக் கேட்கலாம். ராதாவை மனதில் வைத்துத்தான் அது வந்தது என்று அன்றைக்கே ஊரெல்லாம் பேச்சு. தடை வந்தால் ராதா நாடகத்தின் பெயரை மாற்றிப் போடுவார். மறுநாள் அந்தப் பெயருக்கும் தடை வரும். வேறு பெயர் வைப்பார். ஒரு தனி மனிதனின் வாய்க்காக ஓர் அரசாங்கம் உட்கார்ந்து சட்டம் இயற்றுவது என்பது, யோசித்துப் பார்த்தால், பத்மஸ்ரீயைவிடப் பெரிய கௌரவம்.

அவரைப் புனிதமாக்குகிற உத்தேசம் எனக்கு இல்லை. அதற்குத்தான் குழு இருக்கிறது. 'இரத்தக்கண்ணீர்' நாயகன் மோகனசுந்தரத்துக்குப் பாவத்தின் சம்பளமாகத் தொழுநோய் வருகிறது. விதியையும் கர்மாவையும் கேலி செய்த நாடகம் வியாதியை மட்டும் தண்டனையாக்கி வைத்தது விசித்திரம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சாக்கோட்டையில் தொழுநோய் ஆஸ்பத்திரி இருந்ததால் நோயாளிகளை அடிக்கடி பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். நாடகம் வந்துபோன பிறகு சந்தை நாளில் வரும் அவர்களைப் பார்த்துப் பையன்கள் ராதாவின் குரலில் கூப்பிட்டார்கள். அவர்களில் ஒரு கிழவர் நின்று திரும்பிப் பார்த்து, அதைவிட நன்றாக அதே குரலில் பதில் சொல்லிவிட்டுப் போனார். சிரித்த பையன்களில் நானும் உண்டு. அவன் மயங்கிப்போன தாசி காந்தாவைப் பற்றியும் அந்த நாடகம் பேசினதெல்லாம் இன்று காதுக்குச் சரியாக இல்லை. துணிச்சலும் கொடுமையும் ஒரே வாயிலிருந்து வந்தன. ஒன்றை மட்டும் வடிகட்டி எடுத்துக்கொள்ள முடியாது.

1967 ஜனவரி 12க்கு முன்னால் எங்கள் ஊர் சலூனில் எம்.ஜி.ஆர் படமும் ராதா படமும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருந்தன. ராதா எம்.ஜி.ஆரைச் சுட்ட செய்தி ரேடியோவில் வந்த அன்று சாயங்காலமே ராதா படம் கண்ணாடிக்குப் பின்னால் போய்விட்டது. கழுத்தில் கட்டோடு எம்.ஜி.ஆர் இருக்கும் சுவரொட்டி வந்தபோது சலூன்காரர் அதையும் ஒட்டினார். தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது. தண்டனை பெற்று உள்ளே போன ராதா 1971இல் வெளியே வந்ததும் படமும் மெதுவாகக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தது. ஆனால் எதிர்ச் சுவருக்கு. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க, நடுவில் நாங்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எழுபதுகளில் ராதா மறுபடி நாடகம் போட வந்தார். குரல் இன்னும் கரகரத்திருந்தது. தாத்தா இல்லை. முக்காடு வரிசையும் இல்லை. அதே தர்மகர்த்தாவின் மகன் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பகிரங்கமாகச் சிரித்தார். எனக்கு ஏனோ கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

இனி விழாவுக்கு வருவோம்.

அந்த வருஷம் மேட்டூரை ஜூன் 12ஆம் தேதி திறந்தும் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை. குறுவை காய்ந்துகொண்டிருந்தது, காய்ந்தது போக மிஞ்சினதை அறுத்தவர்கள் கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்கமாட்டார்கள். பேச்சாளர்களுக்கு அப்படி ஓர் அளவுகோல் யாரும் வைக்கவில்லை. போதாததற்கு அந்த மாதம் 2ஆம் தேதிதான் சென்னையில் உதயநிதி ஸ்டாலின் சனாதனம் பற்றிப் பேசி, டெல்லி வரைக்கும் அமளி. ஆகவே விழாவுக்குப் போலீஸில் அனுமதி கேட்டுப் போனபோது எழுத்து மூலமாக ஓர் உறுதிமொழி கேட்டார்கள். குழுவினர் சந்தோஷமாகக் கொடுத்தார்கள், கேட்டிருக்காவிட்டாலும் கொடுத்திருப்பார்கள். எந்த மதத்தையும் சாதியையும் கட்சியையும் தனிநபரையும் அரசு அலுவலரையும் புண்படுத்தும் விதமாக எதுவும் பேசப்படமாட்டாது. விழாவின் பொருள்: நடிகவேள் எம்.ஆர்.ராதாவின் அஞ்சாத நகைச்சுவை. இரண்டும் ஒரே தாளில், மேலும் கீழுமாக. நான் அதை ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். ராதா இருந்திருந்தால் அதை மேடையில் படித்தே ராத்திரியை ஓட்டியிருப்பார்.

சட்டம் இதைக் கேட்கிறது என்று சொல்வதற்கில்லை. 1954 சட்டத்தின் முக்கியமான பிரிவுகள் அரசியல் சாசனத்துக்கு முரண் என்று 2013 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்குப் போட்டவர் பரீக்‌ஷா நாடகக் குழுவின் ஞாநி. ராதா இறந்து அதற்குள் முப்பத்து மூன்று வருஷம். அமெரிக்காவில் லென்னி புரூஸ் என்ற நகைச்சுவைக்காரர் மேடையில் பேசக்கூடாததைப் பேசினார் என்று நியூயார்க் நீதிமன்றம் 1964இல் தண்டித்தது. 1966இல் ஆள் இறந்துபோனார். 2003இல் அந்த மாநில கவர்னர் மன்னிப்பு வழங்கினார். அவர்களைவிட நாம் நாலு வருஷம் சுறுசுறுப்பு. ஆனால் அங்கே மன்னிப்பு, இங்கே தீர்ப்பு, இரண்டும் வந்து சேரும்போது எழுத்துப் பிரதியைப் போலீஸ் கேட்க வேண்டிய அவசியமே போய்விட்டது. நாமே திருத்தி வைத்திருக்கிறோம்.

திருத்தியவர் தலைமையாசிரியர். 'இரத்தக்கண்ணீ'ரிலிருந்து ஒரு காட்சியைப் பள்ளிக்கூடப் பையன் ஒருவன் நடிப்பதாக ஏற்பாடு. மாமா, நீங்கள் அந்தக் காலத்து ஆள், வந்து உட்காருங்கள் என்று என்னையும் கூப்பிட்டார்கள். சிவப்பு மையை வைத்துக்கொண்டு அவர் ஒவ்வொன்றாக எடுத்தார். சாமி பற்றிய வரி போயிற்று. ஐயர் பற்றியது போயிற்று. பணக்காரன் பற்றியது, ரைஸ்மில்காரர்கள் இரண்டு பேரும் எதிரில் இருந்ததால், போயிற்று. பெண்ணைப் பற்றியதையும் நோயாளியைப் பற்றியதையும் எடுத்தபோது நானும் தலையாட்டினேன், அது நியாயம். கடைசியில் காகிதத்தில் மிஞ்சியது ஒரு வணக்கம், ஒரு செருமல், ஒரு 'காந்தா'. "போதும் சார், வாய்ஸ்தான முக்கியம்" என்றான் பையன். அவன் சொன்னது சரி. மேடையில் அவன் செருமியதுமே கைதட்டல் அடங்க நேரமாயிற்று. குரல் தேர்ந்த குரல். அந்தக் குரல் என்ன சொன்னது என்று யாரும் கேட்கவில்லை, அது ஒன்றும் சொல்லவும் இல்லை.

பேச்சுகளில் எனக்குப் பிடித்தது ராதாவின் வாழ்க்கை வரலாறு. பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்ந்தது, மேடையில் மோட்டார் சைக்கிள் ஓட்டியது, நூற்றுக்கு மேற்பட்ட படங்களில் நடித்தது என்று 1966 வரை சரளமாக வந்தது. பிறகு பேச்சாளர் மேடையில் இருந்த கரைவேட்டிகளை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, 1971க்குப் போய்விட்டார். நடுவில் நாலு வருஷம் அந்த மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று இளைஞர்கள் நினைத்திருப்பார்களோ தெரியாது. அடுத்துப் பேசிய தலைமையாசிரியர்தான் உச்சம். ராதா கடவுளை எதிர்க்கவில்லை, மூடநம்பிக்கையைத்தான் எதிர்த்தார். ராமரைக் கிண்டல் செய்யவில்லை, ராமர் பெயரால் பிழைப்பவர்களைத்தான் செய்தார். உள்ளுக்குள் அவர் பெரிய ஆன்மிகவாதி. திருப்பணிக் குழுப் பொருளாளர் கண்களை மூடித் தலையசைத்தார். ஜமுக்காளத்துக்குள் இருந்தவர் என்ன நினைத்தாரோ.

இந்த வித்தை எங்கள் பக்கத்துக்குப் புதிது இல்லை. காளமேகப் புலவர் நாகப்பட்டினத்தில் காத்தான் சத்திரத்துக்குப் பசியோடு போனார். சோறு வர நேரமாயிற்று. இங்கே இலையில் அன்னம் விழுவதற்குள் விடிந்துவிடும் என்ற அர்த்தத்தில் வசை பாடிவிட்டார். காத்தான் வந்து காலில் விழுந்தான். புலவர் பாட்டில் ஓர் எழுத்தும் மாற்றவில்லை. அதற்கே வேறு பொருள் சொல்லி வாழ்த்தாக்கிக் கொடுத்துவிட்டுப் போனார் என்று கதை. அங்கே பாடினவரே உரையை மாற்றினார், சாப்பாட்டுக்காக. இங்கே பாடினவர் செத்த பிறகு சத்திரக்காரர்களே உரை எழுதிக்கொள்கிறார்கள். காளமேகம் திட்டிய ஊர்களெல்லாம் இன்றைக்கு அந்தத் திட்டைத் தலவரலாற்றில் சேர்த்துப் பெருமையாகச் சொல்கின்றன. ராதாவுக்கும் அது நடந்துகொண்டிருக்கிறது. இன்னும் நூறு வருஷத்தில் கும்பகோணத்தில் அவர் கைதான இடத்துக்கு ஒரு பரிகாரம்கூட வந்துவிடலாம்.

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர் ஊசி போடுகிற கை தெரியாத டாக்டர். நந்தனார் கதையையே 'கிந்தனார்' ஆக்கி, சிதம்பரம் போக வேண்டியவனைப் பட்டணத்துக்குப் படிக்க அனுப்பினார். கேட்ட பாகவதர்களே சிரித்தார்கள். தியாகராயநகரில் அவர் சிலையை அண்ணா 1969 ஜனவரி 14 அன்று, உடம்பு முடியாத நிலையில் வந்து திறந்தார். அடுத்த மாதம் அண்ணாவே இல்லை. அரசாங்க அரங்கத்துக்குக் கலைவாணர் பெயர். 2021இல் இறந்த நகைச்சுவை நடிகர் விவேக்குக்கு மறு வருஷமே அவர் வீடிருந்த தெரு, 'சின்னக் கலைவாணர்' என்ற பட்டத்தோடு. ராதாவின் பெயர் பெரியார் திடலில் ஒரு மன்றத்துக்கு இருக்கிறது. பெரியார் உயிரோடு இருந்தபோதே வைத்தது. ராதா தாமாக வைத்த பெயர் ஒன்று இருக்கிறது, அதை விழாவில் ஒருவரும் சொல்லவில்லை. 'தூக்குமேடை' நாடகத்தின்போது மு.கருணாநிதிக்குக் 'கலைஞர்' என்று பட்டம் கொடுத்தவர் அவர். விழா நடந்தது கலைஞர் நூற்றாண்டு வருஷம். திருவாரூர் காட்டூரில் கலைஞர் கோட்டம் அந்த ஜூன் மாதம்தான் திறந்தார்கள். கும்பகோணத்திலிருந்து திருவாரூர் போகிற வழி நெடுக அந்த ஒரு சொல் எழுதாத சுவர் கிடையாது. டெல்டா முழுக்க ராதாவின் கைவண்ணம்தான், கையெழுத்து மட்டும் இல்லை.

விழா முடிந்து புளியோதரையும் தயிர்சாதமும் கொடுத்தார்கள். குழு அங்கேயே வரவு செலவு பார்த்தது. கையில் கொஞ்சம் மிச்சம் நின்றதால் அடுத்த வருஷமும் நடத்துவது என்று முடிவாயிற்று. பட்டிமன்றம் வைக்கலாம் என்றார் ஒருவர்: ராதாவின் நகைச்சுவை சிந்திக்க வைத்ததா, சிரிக்க வைத்ததா. ஆர்க்கெஸ்ட்ரா வைத்தால் கூட்டம் வரும் என்றார் ஜவுளிக்கடைக்காரர். பையன் நன்றாகச் செய்தான், அவனையே முழு நிகழ்ச்சியாகப் போட்டுவிடலாம் என்று ரைஸ்மில்காரர்களில் பெரியவர் சொன்னார். எல்லோருக்கும் சம்மதம். என்னிடமும் கேட்டார்கள், வெட்டின வரிகளை ஒருமுறை அவனுக்குப் படித்துக்காட்டட்டுமா என்றேன். "அதுக்கென்ன மாமா, வீட்டுல வெச்சு சொல்லிக்குடுங்க" என்றார் தலைமையாசிரியர். பிறகு யாரோ கட்சிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்களே என்று ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரம் விவாதம் நடந்தது. பையனைக் கூப்பிட்டு, ராதா குரலில் பத்து நிமிஷம் செய்தால் எம்.ஜி.ஆர் குரலிலும் சரியாகப் பத்து நிமிஷம் செய்யமுடியுமா என்று விசாரித்தார்கள். முடியும் சார், ஆனால் எம்.ஜி.ஆர் குரலில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு இருக்கிறதே, எது வேண்டும் என்று கேட்டான். பொருளாளர் நோட்டை மூடினார்.